கொட்டாவியில் நின்ற படம்

லேப்டாப் மெதுவாகிவிட்டதே என்று விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். வேகம் வந்தது, கூடவே சூடும் வந்தது. வீடியோ காலில் கொஞ்ச நேரம் பேசினாலே அடிப்பக்கம் தோசைக்கல்லாகி, படம் அப்படியே நின்றுவிடும்.

எங்கள் திருத்தணி வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அமெரிக்காவில் பிள்ளை பெற்றிருந்த என் தங்கையை அவர் அந்த லேப்டாப்பில்தான் பார்ப்பார். போன் திரை அவர் கண்ணுக்குப் போதாது. ஒரு ஞாயிறு காலை, தங்கை குழந்தையைத் தூக்கிக் காட்டும்போதே படம் நின்றது. நான் பவர் பட்டனை அழுத்தப் போனேன்.

"இருடா, அணைக்காத. கொட்டாவி வுட்டுகினு கீது பாரு," என்றார் நைனா. வாய் திறந்தபடி அசையாமலிருந்த பேத்தியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே லேப்டாப்பைப் பிரித்து, ஃபேனில் இருந்த தூசியைத் தட்டினேன். சூடு குறையவில்லை. பிறகு இணையத்தில் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, கிராஃபிக்ஸ் டிரைவரை நான் போடவே இல்லை. படம் காட்டும் வேலையையும் பிராசஸரே சுமந்துகொண்டிருந்தது. டிரைவரைப் போட்டதும் சூடு இறங்கியது.

அடுத்த ஞாயிறு குழந்தை பால் குடித்து, ஏப்பம் விட்டு, தூங்கியும் போனது. படம் நிற்கவே இல்லை.

"நைனா, வெச்சிடட்டுமா?" என்றாள் தங்கை. அங்கே இரவு.

"ஆங், நீ போய் படும்மா. கேமராவ மட்டும் கொழந்த பக்கம் திருப்பி வெச்சிட்டுப் போ."

நான் சார்ஜரைச் செருகிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன்.