இடதுபக்கம் இருந்த கதவு

சுவரில் மோதிக்கொண்டவனுக்கு இந்த உலகத்தில் அனுதாபம் கிடையாது. பஸ் இடித்தால் பஸ்ஸைத் திட்ட நாலு பேர் ஓடி வருவார்கள். சுவர் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்ததே என்பார்கள். இந்த அநியாயம் என் புருவத்தில் நாலு தையலாக இருக்கிறது.

நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடுகள் பல, ஒரு பொதுச் சுவருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாக ஜோடி ஜோடியாக நிற்கும். கண்ணாடியில் பார்ப்பதுபோல, இங்கே இடதுபக்கம் இருக்கும் பாத்ரூம் அங்கே வலதுபக்கம். பதினெட்டு வருஷம் பாத்ரூம் இடதுபக்கம் உள்ள வீட்டில் இருந்துவிட்டு, இந்த வருஷம் வேறு பிளாக்கில் வலதுபக்கம் உள்ளதைக் கேட்டு வாங்கினேன். கொல்லையில் ஒரு பலாமரம் இருந்தது, வேறு காரணம் இல்லை. மனைவி தயங்கினாள். அதே டைப்புதான், கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கலாம் என்றேன்.

முதல் வாரமே அவள் சமையலறையில் தலையைக் கிழித்துக்கொண்டாள். அடுப்புப் பக்கத்தில் தலை உயரத்துக்கு ஒரு சிமெண்ட் ஸ்லாப் நீட்டிக்கொண்டிருக்கிறது. பழைய வீட்டில் அது இடதுபக்கம். எங்கே குனிய வேண்டும் என்று அவள் கழுத்துக்கே தெரியும். இங்கே அது வலதுபக்கம். அடுத்த வாரம் மறுபடியும் இடித்தது. அந்த ஸ்லாப்பின் மூலையைக் கொத்தி எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள் என்றாள். பராமரிப்பு அலுவலகம் என் பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே. நான் எழுதவில்லை. பதிலுக்கு, "பார்வை முன்னே, பாதம் பின்னே" என்றேன். பாதுகாப்பு வார சுலோகப் போட்டியில் வருஷா வருஷம் பரிசு வாங்குகிறவன் நான். வீட்டில் உள்ள டிபன் கேரியர்கள் அத்தனையும் என் கவித்திறனுக்குச் சாட்சி. அவள் காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு தோசையைத் திருப்பினாள்.

பிறகு ஒரு மத்தியானம். முதல் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்தேன். கட்டிலிலிருந்து இறங்கி, இடதுபக்கம் திரும்பி, நாலு எட்டு. பதினெட்டு வருஷமாக அங்கே பாத்ரூம் கதவு இருந்தது. கதவு இருக்கிறது என்று நம்புகிறவன் வேகத்தைக் குறைப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பிறகு கட்டுக் கட்டியவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். நடந்ததைக் கேட்டுவிட்டு என் முகத்தை ஒருதரம் நன்றாகப் பார்த்தார்.

"சேப்டி சுலோகன் எழுதுற சாருதானே நீங்க? போன வருசம் உங்க போர்டப் படிச்சிகினே நின்னு பஸ்ஸ வுட்டுட்டேன் சார்."

மறுநாள் வேலையிடத்தில் சுவரை ஒருவரும் நம்பவில்லை. வீட்டில் என்ன பாத்திரம் பறந்தது என்று தனித்தனியாக வந்து விசாரித்தார்கள். எந்தத் தப்பானாலும் காலில் விழுந்துவிடு என்று ஒருவர் புத்தி சொன்னார்.

கொதித்துப்போய் வீடு திரும்பி, உட்கார்ந்து மனு எழுதினேன். நாலு பக்கம். மனித உடம்பின் பழக்கம், கட்டடக் கலையின் ஆணவம், கிரேக்கர்கள் எல்லாம் அதில் வந்தார்கள். சுவரை இடித்து அங்கே கதவு வைக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். சமையலறை வாசலில் நின்று அதை உரக்கப் படித்தேன். மனைவி ஸ்லாப்புக்குக் கீழே குனிந்தபடி பருப்பு டப்பாவை எடுத்தாள்.

"நான் இடிச்சுக்கிட்டா நான் பாத்து நடக்கணும். நீங்க இடிச்சுக்கிட்டா சுவத்தை இடிக்கணும். அப்படித்தானே?"

மனுவிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அவள் வகிடு ஓரத்தில் இரண்டு தழும்புகள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று, ஈரம் காயாமல்.

"இது எப்போ?"

"காலையில. உங்களுக்குக் கேரியர் கட்டும்போது."

நாலு பக்கத்தையும் கிழித்தேன். மறுநாள் எனக்கு வார ஓய்வு. ஸ்லாப் மூலையைப் பற்றி இரண்டே வரி எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அலுவலகத்தில் இருந்தவர் மனுவைப் படிக்கவே இல்லை. என் புருவக் கட்டைப் பார்த்தார், மேலே 'அவசரம்' என்று எழுதினார், நாளைக்கே ஆள் வரும் என்றார்.

அவள் மூன்று முறை இடித்துக்கொண்டபோது இல்லாத அவசரம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. யாரையாவது திட்டியே ஆக வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தேன். திட்டு வாங்கத் தகுதியானவன் அந்த அறையில் ஒருத்தன்தான் இருந்தான், புருவத்தில் கட்டோடு.