தம்பிக்கு நான் கூட்டிய இரண்டு அடி

தோட்டத் துரைமாருக்குக் கோல்ஃப் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கிளப்பில் சேர்ந்து முப்பது வருஷமாகிறது. பயிற்சியாளர் சங்கத்துக்கும் நான்தான் தலைவன். பெயர் பெரிதுதான். சொந்தத் தம்பிக்கு உதவாத தலைவன்.

நாங்கள் இரண்டு பேரும் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து துரைமாரின் கோல்ஃப் பை தூக்கப் போனவர்கள். அந்த வேலையில் முதல் பாடமே காலில்தான். துரையின் பந்து பள்ளத்தில் கிடந்தால், அவர் வந்து சேருவதற்குள், குனியாமல், கால் நுனியால் அதை மேட்டுப் புல்லுக்கு ஏற்றிவிட வேண்டும். துரை கேட்கமாட்டார், நாங்களும் சொல்லமாட்டோம்.

சங்கத் தலைவனானதும் முதல் வேலையாக அந்தப் பழக்கத்தைத் தடை செய்தேன். "லயத்துப் பயலுகன்னா பந்தை உருட்டத்தான் செய்வானுக" என்று கிளப் வராந்தாவில் துரைமார் சிரிப்பதை எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது? போட்டியில் உருட்டிய ஒருவனை நானே சங்கத்திலிருந்து நீக்கினேன். காலைப் பிடித்து அழுதான். நான் மசியவில்லை.

போன வருஷம் கிளப்பில் உதவிப் பயிற்சியாளர் வேலை ஒன்று காலியானது. கூடவே குடியிருக்க வீடும் உண்டு. தம்பி கல்யாணம் கட்டிப் போன தோட்டத்தில், அவன் லயத்துக்கு மேலே மலை வெடித்து விரிசல் விட்டிருந்தது. மீரியபெத்தவில் மண்சரிவு லயங்களையே மூடிய பிறகு எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாற்று வீடு தருகிறோம் என்றார்கள், தரவில்லை. கிளப் எனக்குக் கொடுத்திருக்கும் ஒற்றை அறையில் சொந்தக்காரர் தங்கக் கூடாது. அந்த வேலைக்கான ஆட்டத் தேர்வில் தம்பி தேறினால் அவன், அவன் பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் அங்கிருந்து வந்துவிடலாம்.

தேர்வன்று கூடவே நடந்து மட்டையடிகளை எண்ணி அட்டையில் குறிக்க வேண்டியவன் நான். கடைசிக் குழிக்கு வரும்போது, தேற விதித்த கணக்கில் அவன் கையில் ஓர் அடி மிச்சமிருந்தது; அதற்கு மேல் கூடினால் தோல்விதான். பந்து ஒரு சிறு பள்ளத்தில் கிடந்தது. தம்பி தூரத்துக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். காலின் சப்பாத்து நுனி மட்டும் தன்பாட்டுக்குப் போய்ப் பந்தை மேட்டில் ஏற்றியது.

அந்த நிமிஷமே "நில்லுடா, திருப்பி வை" என்று நான் சொல்லியிருந்தால் தண்டனை ஓர் அடிதான். தேறியிருப்பான். வேறு யாரும் பார்க்கவில்லையே என்று வாயை மூடிக்கொண்டேன். அவன் அங்கிருந்தே அடித்துவிட்டான். இடம் மாறி அடித்தால் இரண்டு அடி.

கையெழுத்துப் போட மேசை முன் உட்கார்ந்தேன். நான் நீக்கியவனின் முகம் வந்து நின்றது. அட்டையில் இரண்டு அடி கூட்டி எழுதினேன். தம்பி தேறவில்லை.

"நானாண்ணே? நான் எப்பண்ணே உருட்டுனேன்?" என்றான் தம்பி. நடிப்பில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

கமிட்டித் துரை என் கையைப் பிடித்துக் குலுக்கி, நேர்மை என்றால் இதுதான் என்றார். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல், பேசாமல் விட்டிருக்கக்கூடிய இடத்தில் பேசினேன். இரண்டுமே என் தப்புத்தான்.

தம்பி இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறான். மழை பிடித்தால் எனக்குச் சோறு இறங்காது. போன் அடிப்பேன். அவன் எடுத்து, "இருக்கோம்ண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவான். நேற்று மத்தியானம் தம்பி இருக்கும் பதுளைப் பக்கம் பேய் மழை. போன் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன் பெண்சாதி எடுத்தாள்.

"அவரு பேசமாட்டேங்கிறாருங்க. உசுரோடதான் இருக்கோம்னு சொல்லச் சொன்னாரு."