காய்க்க விட்ட கொடி

என் சமையலறை ஜன்னலில் ஒரு ஊறுகாய் பாட்டில் நிற்கிறது. எத்தனை முறை கழுவினாலும் மூடியில் நல்லெண்ணெய் வாசம் போகாது. இப்போது அதில் இருப்பது பூ. ஊதாவும் வெளிர் ரோஸுமாக, நீளக் காம்போடு. ஸ்வீட் பீ என்று பெயர். கொடியைப் பார்த்தால் பட்டாணி என்றே நினைப்பீர்கள், வாசனை வந்த பிறகுதான் சந்தேகம் வரும். பாட்டிலைக் கொடுத்தவர், இரும்புலியூரில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். எனக்கே ஐம்பது நெருங்கியிருந்தாலும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன்.

ஆன்ட்டி கீழே தனியாக இருந்தார். நான் மேலே தனியாக இருந்தேன். மோட்டார் போடுவதைத் தவிர எங்களுக்குள் பெரிதாகப் பேச்சில்லை. ஐப்பசி மழைக்கு நடுவே விதையை ஊறவைத்து, காம்பவுண்டுச் சுவரோரம் தொட்டிகளில் போட்டு, நைலான் வலை கட்டிக் கொடியை ஏற்றிவிடுவார். நம் வெயிலுக்கு ஒத்துவராத செடி அது. குளிர் என்று பெயருக்கு வருகிற சில வாரங்களுக்குள் பூத்து முடித்தாக வேண்டும்.

முதல் முறை ஒரு பிடிப் பூவைக் கையில் கொடுத்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பூ என்றால் தலைக்கு, இல்லாவிட்டால் சாமிக்கு. தலையில் வைத்துக்கொள்ள என் வீட்டில் யாரும் இல்லை. காம்பையெல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு முருகன் படத்துக்கு வைத்தேன். ஏதோ வேலையாக மாடிக்கு வந்த ஆன்ட்டி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ சார், காம்பு நீளமா வரணும்னுதான் இவ்ளோ பாடு! தண்ணில வைங்க" என்று கீழே போய் இந்த பாட்டிலைக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கடைசிப் படியில் பூ இருக்கும். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் எனக்குக் கணக்கு வேலை. நாள் முழுக்க இரும்பு வாசம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஸ்வீட் பீ. யாரோ எனக்காக விளக்குப் போட்டு வைத்தது போல இருக்கும். என் மேல் ஒருவருக்கு இவ்வளவு பிரியமா என்று பூரித்துப் போனேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எனக்காக எதுக்கு ஆன்ட்டி தினம் வெட்டறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"வெட்டலைன்னா காய் வெச்சிடும் சார். காய் வெச்சா பூக்கறதையே நிறுத்திடும். ஆஸ்திரேலியால இருந்து பொண்ணு பிப்ரவரி கடைசில வர்றா. 'பூ இருக்கும்போது வர்றேம்மா'ன்னு சொல்லியிருக்கா. அதுவரைக்கும் பூத்துட்டே இருக்கணும்ல?"

சுருக்கென்றது. எனக்கு வந்த பூவெல்லாம் மகளுடைய பூவுக்கு வழிவிட்ட பூ. கோபம் கூட வந்தது. இந்த வயதில் பூவுக்காகக் கோபித்துக்கொள்கிற ஆளை என்ன சொல்வது? மறுநாளும் படியிலிருந்து எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பிப்ரவரி முடிந்தது. மகளின் பயணம் தள்ளிப்போனது. ஆன்ட்டி பழைய புடவையைக் கட்டிக் கொடிக்கு நிழல் கொடுத்தார், இரண்டு வேளை தண்ணீர் விட்டார். காம்பு குட்டையாகிக்கொண்டே வந்தது. அவர் வெட்டுவதை விடவில்லை. பிறகு ஒரு காலை, படியில் பூ இல்லை. ஆன்ட்டி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கத்தரிக்கோல் மடியில் கிடந்தது.

"பேத்திக்கு ஸ்கூல் இருக்காம். இப்போ வர முடியாதாம்" என்றார்.

கொடியில் அன்றைய பூக்கள் அப்படியே இருந்தன. "வெட்டலையா ஆன்ட்டி?"

"விடுங்க சார். காய்க்கட்டும்."

எனக்காக வெட்டுங்களேன் என்று வாய் வரை வந்தது. அதைச் சொல்ல நான் யார்? வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

கத்திரி வெயிலில் மகள் வந்தாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக. அப்போது வலையில் சருகுதான் தொங்கியது. வீடு பில்டர் கைக்குப் போயிற்று. காலி செய்கிற அன்று, வெடிக்காமல் மிச்சமிருந்த காய்களைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

குரோம்பேட்டை ஃபிளாட்டின் பால்கனியில் இப்போது பூப்பது அந்த விதைதான். இங்கே என் காலிங் பெல்லை அடிப்பவர் கூரியர்க்காரர் மட்டும், அவரும் பாதி நாள் எதிர்வீட்டைத் தேடி வந்தவர். என்னைப் பார்க்க வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் கை கத்தரிக்கோலைத் தேடுகிறது. நேற்றைய பூவை எடுத்துப் போட்டு, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் மாற்றி, இன்றைய பூவை வைக்கிறேன். காய்க்க விட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.