அடிப்பிடிக்கும் முன் வரும் வாசம்

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மிக்சி, தண்ணீர் மோட்டார், தையல் மிஷின், ரேஷன் கார்டில் திருத்தம், நாய்க்குட்டிக்குப் பூச்சி மருந்து என்று எல்லாவற்றிலும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். எதையும் முழுசாகப் படித்ததில்லை. அதைக் குறையாக நினைத்ததும் இல்லை. உண்மையைச் சொன்னால், தலைக்கனம் உண்டு.

என் மனைவிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. காலையில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவாள். அங்கே பால்கோவா போடுகிற இடத்தில் விறகடுப்பின் முன்னால் நின்று பாலைக் கிண்டிவிட்டு மத்தியானம் வருவாள். பதினோரு வருசமாக அதே வேலை. வீட்டில் பல்பு மாற்றக்கூட நான்தான் வர வேண்டும்.

“எம்புட்டு வருசந்தான் அந்த ஒரே சட்டியக் கிண்டுவ?” என்று கேலி பண்ணுவேன்.

“இன்னும் முழுசாப் பிடிபடலங்க” என்பாள். அதையும் சேர்த்துக் கேலி பண்ணுவேன்.

போன சித்திரை வெயிலில் எட்டு மாச மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பழைய ஏசி ஒன்றை வாங்கி வந்து நானே மாட்டினேன். அதற்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் ஃபேன் ஓடுகிற லைனிலேயே கோர்த்துவிட்டேன். ஃபியூஸ் இரண்டு தடவை போனது. மூன்றாவது தடவை தடிமனான கம்பியாகப் போட்டேன், அதற்கப்புறம் போகவே இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாம் நாள் மத்தியானம், ஏசி ஓடிக்கொண்டிருக்க, மகள் சுவரோரக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய டேபிள் ஃபேனையோ பிரித்துப் போட்டிருந்தேன். வேலை முடிந்து வந்து அறைக் கதவைத் திறந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏங்க, என்னமோ அடிப்பிடிக்கப் போகுது.”

எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. “உன் சேலையில இருக்க புகை வாசந்தான்” என்றேன்.

“இது விறகுப் புகை இல்ல. பாலு தீயுறதுக்குச் செத்த நேரம் முன்னாடி ஒரு வாசம் வரும், அப்பவே பாத்துட்டாத் தப்பிக்கும். இங்க எதுவோ அப்படித்தான் சூடேறிக்கிட்டு இருக்குது. என்னதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டே நடந்தாள். கட்டிலின் தலைமாட்டுக்கு வந்ததும் முதலில் பிள்ளையைத் தூக்கினாள். பிறகு சுவிட்ச் போர்டைக் காட்டி, “இதைத் தொட்டுப் பாருங்க” என்றாள்.

தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். என்னது என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினேன். ஒயரின் தோல் உருகி, பின்பக்கம் கருகிக் கிடந்தது. மகளின் தலை இருந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே.

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “நல்லவேளை, மெயின் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. எனக்கு அதுகூடத் தெரியாதே” என்றாள்.

அன்றைக்கு அவள் முன்னால் அழுதேன்.

மறுநாள் ஒயரிங் தவிர வேறொன்றும் செய்யாத எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வேலை பார்க்கப் பார்க்க ஏணியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். தெருவில் கூப்பிட்டால் இப்போதும் போகிறேன். “இது எனக்குத் தெரியாது, தெரிஞ்ச ஆளச் சொல்லிவிடுறேன்” என்று சொல்லவும் வருகிறது.

மகள் இப்போது நடக்கிறாள். அம்மா வேலையிலிருந்து வரும் சத்தம் கேட்டதும் கதவுக்கு ஓடுகிறாள். மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு, உள்ளே வருமுன் ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பாள். நான் கையில் இருப்பதை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றுமில்லை என்று அவள் தலையாட்டிய பிறகுதான் மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறேன்.