வெள்ளிக்கிழமை இடியப்பம்

சூதாட்ட விடுதியில் போக்கர் அறையை நடத்துகிறவனுக்குச் சீட்டு விளையாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆட்கள் எதற்காகக் கதிரையை விட்டு எழும்புகிறார்கள் என்று தெரிந்தால் போதும். ஒருவருக்கு முதுகு நோகும். சாய ஒரு குஷன் கொடுப்போம். இன்னொருவரின் போனில் சார்ஜ் இறங்கிவிடும்; மேசையடியிலேயே வயர் இழுத்து வைத்திருக்கிறோம். எழும்பும் காரணத்தை எடுத்துவிட்டால் ஆள் இருப்பார். மெல்பேர்னில் பல வருடங்களாக இதுதான் என் உத்தியோகம். கலியாண வீடுகளில் யாராவது கேட்டால் "ஹொஸ்பிட்டாலிட்டி" என்பேன். ஏதோ ஹோட்டல் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை.

எங்கள் அறைக்கு வழமையாக வருகிற ஒரு அங்கிள், யாழ்ப்பாணத்தார். நோபல் பார்க்கில் வீடு. வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு தொழிற்சாலை வேலை முடிய, நேரே எங்களிடம் வந்துவிடுவார். கெட்டிக்கார ஆட்டக்காரர் இல்லை. தோற்றாலும் முகம் சுளிக்காமல் பகிடி விட்டுக்கொண்டிருப்பார் என்பதால், மற்றவர்கள் அவர் இருக்கும் மேசையைத் தேடி வந்தார்கள். அவர் தோற்பதற்காகவும்தான் வந்தார்கள், அதையும் மறைப்பானேன். ஐந்து மணிக்கு அவர் எழும்பினால் பின்னாலேயே இன்னும் சிலர் எழும்புவார்கள், மேசை கலைந்துவிடும். மாலையில் வருகிறவர்கள் வெறும் மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

"வெள்ளிக்கிழமை, தம்பி. மரக்கறி," என்பார். "இறைச்சி காய்ச்சிற குசினிச் சாப்பாட்டில நான் கை வைக்கமாட்டன். மனிசியையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். அவ வெளிக்கிட்டு வாசல்ல நிண்டுகொண்டிருப்பா."

அவர் சொன்னது இரண்டு காரணம். என்னால் எடுக்கக்கூடியதாக இருந்தது முதலாவது. மரக்கறி மட்டும் சமைக்கிற ஒரு கடையில் சொல்லி, இடியப்பமும் சொதியும் சம்பலும் எடுப்பித்தேன். இறைச்சி படாத சாப்பாட்டுக் கோப்பைகூடப் புதிதாக வாங்கி வைத்தேன். முதல் வெள்ளி அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கட பிள்ளை எண்டபடியாத்தான் இது விளங்கியிருக்கு," என்றார். அன்று அவர் எழும்பவில்லை. அடுத்த வெள்ளியும் எழும்பவில்லை. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான், ஆனால் அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. மேலாளர்கள் கூட்டத்தில் என் இடியப்பத்தை உதாரணமாகச் சொல்லிக் கை தட்டினார்கள். நானும் கூச்சப்படுகிறவன் போலச் சிரித்தேன்.

வாசலில் நிற்கிற அன்ரியைப் பற்றி நான் நினைக்கவில்லை என்றால் அது பொய். நினைத்தேன். பஸ் இருக்குத்தானே என்று நினைத்தேன்.

ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில் அங்கிள் என் நட்சத்திரத்தைக் கேட்டார். ராசி பார்த்துச் சீட்டுப் பிடிக்கப் போகிறாராக்கும் என்று எண்ணி, "திருவோணம். என்னை நம்பிப் பந்தயம் வைக்காதேங்கோ அங்கிள்," என்றேன். அவர் சிரித்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். மகளுக்குப் பரீட்சை, அர்ச்சனை செய்துவிட்டு வரும்படி மனைவி விரட்டினாள். பூசை முடிந்து கார் நிறுத்திய இடத்துக்கு வந்தபோது ஒரு அன்ரி கிட்ட வந்து, நோபல் பார்க் பக்கம் போகிறீர்களா என்று கேட்டார். கிளென் வேவர்லிக்குத்தான் போகிறேன், வழியில் இறக்கிவிடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டேன்.

"வரேக்க ரெண்டு பஸ். திரும்பிப் போக ஆரிட்டையாவது கேக்கிறதுதான்," என்றார். "முந்தி இவர் கூட்டிக்கொண்டு வருவார். இப்ப வெள்ளியில ஓவர்டைம். ஆனா அங்கயும் விரதத்தை விடேல்லை. வேலையில மனேச்சர் ஒரு தமிழ்ப் பொடியனாம். வெள்ளிக்கிழமை எண்டு பாத்து இடியப்பமும் சொதியும் எடுத்துக் குடுக்கிறானாம். ஆர் பெத்த பிள்ளையோ. பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டு வரச்சொல்லி, அவனுக்கும் ஒரு அர்ச்சனை செய்யிறனான்."

பிறகு ஐயருக்குச் சொல்கிற மாதிரியே என் பெயரைச் சொன்னார். திருவோண நட்சத்திரம் என்றார்.

நாற்பத்தாறு வயதுப் பொடியன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது தெரியவில்லை, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"உங்கட பேர் என்ன தம்பி?"

என் தமையனின் பெயரைச் சொன்னேன். வீட்டு வாசலில் இறங்கியபோது, நல்லாயிருக்க வேண்டும் என்று அந்தப் பெயரைச் சொல்லியே வாழ்த்தினார். அவர் திறப்பைத் தேடிக் கதவைத் திறந்து விளக்குப் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கேவலமானவனாக நான் என்னை ஒருநாளும் உணர்ந்ததில்லை.

அடுத்த வெள்ளி நான் இடியப்பத்துக்குச் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு அங்கிளின் கதிரையருகே போய்க் குனிந்து, "சாப்பாட்டுக்கடைக்காரர் இனி ஏலாதாம் அங்கிள். இப்ப வெளிக்கிட்டால் கோயிலுக்கு நேரம் இருக்கு," என்றேன்.

"அதுக்கேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்?" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நான் இப்ப வெள்ளிக்கிழமை பாக்கிறேல்லை தம்பி. எல்லாம் சாப்பிடுறன். நீங்கள் ஆசையா எடுப்பிக்கிறியள் எண்டுதான் அதையும் சாப்பிட்டனான்."

"அன்ரி வாசல்ல நிப்பாவே."

"அவவுக்கு பஸ் இருக்கு," என்றார்.

பிறகு ஏதோ நினைவு வந்தவராகச் சட்டைப் பையில் இருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே திருநீறு. "மனிசி தந்துவிட்டவ. உங்கட பேரில அர்ச்சனையாம்." அதைச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கமாக வந்த பெண்ணை மறித்துக் கோழிப் பொரியலுக்குச் சொன்னார். எல்லோரும் கதிரைகளை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்கள், டீலர் அடுத்த சீட்டைப் போட்டாள். மேசை அன்றும் கலையவில்லை.