வானம் பார்க்காத டிரைவர்

ஒன்பது சீசன் புயல் துரத்தியவர் பாஸ்கரன். ஒரு புயலையாவது நேரில் ஒழுங்காகப் பார்த்திருக்கிறாரா என்றால் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அந்தக் கூட்டத்தின் சட்டம் அப்படி. ஸ்டீயரிங் பிடித்தவர் ரோட்டை மட்டும்தான் பார்க்க வேண்டும். வானம் முழுக்கப் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொந்தம்.

கூட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு கார், ஐந்து பேர். ஆக்லாந்துக்குத் தெற்கே இருக்கும் சமவெளிகளில் வசந்தம் தொடங்கிக் கோடை முடிகிற வரைக்கும், அதாவது அங்கே செப்டம்பரில் இருந்து பிப்ரவரி வரைக்கும், இடிமேகங்கள் திரளும். அவற்றின் பின்னாலேயே காரில் ஓடி, முடிந்த அளவு கிட்டே போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ஊரில் இதைச் சொன்னால் வேலைவெட்டி இல்லாதவர்கள் என்பார்கள். இவர்களுக்கு வேலையும் இருந்தது, வீட்டுக் கடனும் இருந்தது. அதனால்தான் சனி ஞாயிறில் மட்டும் துரத்தினார்கள்.

பாஸ்கரன் விருதுநகர்ப் பக்கம். இருபத்தாறு வயதில் மாணவர் விசாவில் வந்து, பிசினஸ் டிப்ளமா படித்து, கடைசியில் கிளினிக்குகளில் இருந்து ரத்த மாதிரிக் குழாய்களை லேபுக்குக் கொண்டுபோகும் வேன் டிரைவர் ஆனார். இருபது வருடத்தில் ஒரு குழாய் உடைந்ததில்லை, ஒரு நாள் தாமதமானதில்லை. அந்த லேபில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரன் கீதன் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் கொட்டுகிற மழையில் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றவரை மடக்கிக் கேட்டான்.

“அண்ணை, மழைக்குள்ள நீங்கள் ஓடுறதைப் பாத்தன். எங்களோட ஒருக்கா வாறீங்களோ?”

உண்மையில் அது கீதன் போட்ட திட்டம் இல்லை, அவன் மனைவி பிரணவி போட்ட நிபந்தனை. “இவர் ஓட்டினா முகிலைப் பாத்துக்கொண்டு போய் எங்கயாவது விழுவார். ஒழுங்கா ஓட்டுற ஆள் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு வரட்டும், பிறகு விடுறன்” என்று சொல்லியிருந்தாள். ஒழுங்காக ஓட்டுகிற ஆள் என்றால் அது பாஸ்கரன்தான். அவரை ஒரு முறை பார்த்துப் பேசிய பிறகு பிரணவி மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. கீதன் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் வர்ணிப்பான். “இடப்பக்கம் கறுத்துப்போச்சு அண்ணை. மழை திரை மாதிரி விழுது. பின்னால வெளிச்சம் கிடக்கு, பச்சை வெளிச்சம், அடடா.” பாஸ்கரன் ரோட்டின் வெள்ளைக்கோட்டைப் பார்த்தபடி அத்தனையும் கேட்டுக்கொள்வார். ரானுயியில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்ததும் மனைவி சாந்தகுமாரியிடம், ஏதோ தானே பார்த்தது மாதிரி அளந்து விடுவார். சீசன் முடிந்து மே மாதம் வந்தால், ஹில்ஸ்பரோவில் இரண்டாவது கார்க்காரர் குணரத்தினம் வீட்டில் எல்லோரும் கூடி, போன சீசனின் வீடியோக்களை டிவியில் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு நாளாக எடுத்துப் பேசுவார்கள். பாஸ்கரன் தன் புயல்களைப் பார்த்ததெல்லாம் அங்கேதான். கல்யாண வீட்டுச் சமையற்காரர் தாலி கட்டுவதை வீடியோவில் பார்ப்பாரே, அந்தக் கணக்கு.

இந்த வருடமும் மே வந்தது. கீதன்தான் இல்லை.

ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஹவ்ராக்கி சமவெளியில் இரண்டு பக்கமும் ஆழமான வடிகால் ஓடுகிற ஒரு நேர் ரோட்டில் கார் இடப்பக்கம் இறங்கி, ஒரு பண்ணை வாசலின் சிமெண்ட் பாலத்தில் மோதியது. கீதன் பக்கம்தான் மோதியது. அவன் அங்கேயே முடிந்துபோனான். பாஸ்கரனுக்கு சீட் பெல்ட் பதிந்த காயம் மட்டும்.

“காத்து காரத் தள்ளிடுச்சு” என்று அவர் போலீசிடம் சொன்னார். அன்றைக்கு அடித்த காற்றில் பக்கத்துப் பண்ணையின் கொட்டகைக் கூரையே பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. காற்று வந்து மறுத்துப் பேசப்போவதும் இல்லை.

ஆனால் காரைக் காற்று தள்ளவில்லை. பாஸ்கரன் ரோட்டை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். ஒன்பது சீசனில் ஒரே ஒரு முறை.

அதன் பிறகு அவருக்கு ஒன்றுமே வரவில்லை. அழுகை வரவில்லை, பயம் வரவில்லை, குற்ற உணர்ச்சி என்று சொல்கிறார்களே, அதுகூட வந்த பாடில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டால் தன்னுடையதுதான் என்று தெரிந்தது, வலி மட்டும் இல்லை. வேனை ஓட்டினார், சாப்பிட்டார், தூங்கினார். “ஏதாவது வாயத் தொறந்து பேசுங்களேன்” என்று சாந்தகுமாரி கெஞ்சினால், “என்ன பேச?” என்பார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

குணரத்தினம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதையும் விட்டுவிட மனம் வராது. “கீதனுக்காகவாவது கூடவேணும்” என்று எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொல்லிவிட்டார். பிரணவியும் வருவதாகச் சொன்னதும், அவளை மாசி என்ற புறநகரில் இருக்கும் வீட்டில் இருந்து காரில் கூட்டிவரும் பொறுப்பு பாஸ்கரனுக்கு வந்தது. வழியெல்லாம் அவள் தன் வேலையைப் பற்றியும் மழை பெய்தால் ஒழுகுகிற கூரையைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் சரி சரி என்று தலையாட்டினார்.

டிவியில் அக்டோபர் ஓடியது, நவம்பர் ஓடியது. ஆலங்கட்டி மழையில் கீதன் தலையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிற காட்சி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள், பிரணவியும் சிரித்தாள். பிறகு ஜனவரி வந்தது. குணரத்தினத்தின் கார் அன்றைக்கு இருபது கிலோமீட்டர் வடக்கே நின்றது. தூரத்தில் ஒரு சாம்பல் சுவர் மட்டும்தான் படத்தில் இருந்தது.

“இவ்வளவுதான் பிள்ளை” என்றார் குணரத்தினம். “கீதன்ர கமெராவில இருந்த கார்ட் ரெண்டாப் பிளந்துபோச்சு. ஒண்டும் எடுக்கேலாமப் போச்சு.”

பிரணவி அந்தச் சாம்பல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவர் கடைசியா என்னத்தைப் பாத்தவர் எண்டு தெரிஞ்சா எனக்குப் போதும் அங்கிள். இரவு இரவா அதைத்தான் யோசிக்கிறன். ஆனா பாஸ்கரண்ணையும் றோட்டைத்தானே பாத்திருப்பார். ஒருத்தருக்கும் தெரியாமலே போச்சு.”

குணரத்தினம் ஆமாம் என்று தலையாட்டினார். பாஸ்கரனும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். அவ்வளவுதான், கதை முடிந்திருக்கும். அவள் கேட்பது உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அதைக் கொடுத்தால் கூடவே இன்னொன்றும் வெளியே வந்துவிடும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். நாலு மாதமாக மரத்துக் கிடந்த மனுஷன், துணிச்சலால்தான் வாயைத் திறந்தார் என்று சொல்ல மாட்டேன். அவளுடைய முகத்தைப் பார்த்தார், வாய் தானாகத் திறந்துவிட்டது.

“இடது பக்கம்மா” என்றார். “மேகத்தோட அடி தட்டையா, கன்னங்கரேல்னு இருந்துச்சு. அதுல ஒரு எடம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, ரொம்ப மெதுவா. மொதல்ல தெரியல, உத்துப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. அதுல இருந்து ஒரு துண்டு கீழ தொங்குச்சு. வெள்ளையா. பின்னாடி வெயில் இருந்துச்சா, அந்தத் துண்டோட ஓரம் மட்டும் மஞ்சளா. தரையத் தொடவே இல்ல. கீழ மாடுங்க நின்னுச்சு, எல்லாம் ஒரே பக்கம் திரும்பி. சத்தமே இல்லம்மா.”

“பாஸ்கரன்...” என்றார் குணரத்தினம். கணக்கு வாத்தியாருக்கு முதலில் புரிந்துவிட்டது.

பிரணவிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “நீங்கள் பாத்தனீங்கள்” என்றாள்.

“பார்த்தேன்மா.”

“எவ்வளவு நேரம்?”

“மூணு செகண்ட். நாலாக்கூட இருக்கும்.”

“அப்ப காத்து?”

“காத்து அடிச்சுது. ஆனா காத்துனால கார் எறங்கல. நான் பொய் சொல்லிட்டேன்.”

“ஏன் பாத்தனீங்கள்?” அவள் குரல் உயரவில்லை. “ஒன்பது வருஷம் பாக்காதனீங்கள்.”

“கீதன் பேச்ச நிறுத்திட்டாரும்மா. கார்ல ஏறினா எறங்குற வரைக்கும் பேசுற ஆளு. அன்னிக்குப் பாதியில அப்படியே நிறுத்திட்டாரு. நான் ‘என்ன கீதன், என்ன?’ன்னு கேட்டேன், பதிலே இல்ல. அப்படி என்னத்தப் பார்த்து வாயடைச்சுப் போனாருன்னு...”

பிரணவி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். “நான் கொண்டுபோய் விடுறன் பிள்ளை” என்று குணரத்தினம் கார்ச் சாவியைத் தேடினார்.

“வேண்டாம் அங்கிள். வந்த மாதிரியே போறன்.”

பாஸ்கரனின் கார் மோட்டார்வேயில் ஏறி, வாட்டர்வியூ சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். அவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. வேகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், லேன் மாறினார்.

“நாளைக்குப் பொலிசிட்டப் போய்ச் சொல்லுங்கோ” என்றாள் அவள். “எங்களுக்குச் சொன்ன மாதிரியே. ஒண்டும் விடாமல்.”

“போறேன்மா.”

“உங்கள நம்பித்தான் அவரை விட்டனான்.”

“தெரியும்மா.”

“நான் உங்கள மன்னிக்கேல்லை.”

“வேண்டாம்மா.”

இடப்பக்கம் கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. லிங்கன் ரோடு பலகை வந்து பின்னால் போயிற்று. மாசிக்கு இன்னும் ஐந்து நிமிடம்தான்.

“அந்த முகிலை இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றாள் பிரணவி. “மெல்லமாச் சொல்லுங்கோ. நான் கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறன்.”

பாஸ்கரன் வெள்ளைக்கோட்டை விட்டுப் பார்வையை எடுக்காமல் முதலில் இருந்து தொடங்கினார். தட்டையான அடியைச் சொன்னார், சுற்றிய இடத்தைச் சொன்னார், தொங்கிய வெள்ளைத் துண்டைச் சொன்னார். மாடுகள் வரைக்கும் வந்துவிட்டார். நாலு மாதமாக வராத அழுகை அப்போது வந்தது, அதுவும் மோட்டார்வேயில், முன்னாலும் பின்னாலும் லாரி போகும்போது வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு கையை எடுக்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

“பிறகு?” என்றாள் பிரணவி.