கண் சிமிட்டினாலும் பரவாயில்லை

எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் கண் திறந்திருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. ஆல்பத்தில் தாலி கட்டும்போது மூடியிருக்கிறார். சரி, பக்தி என்று விட்டுவிடலாம். பந்தியில் உட்கார்ந்து லட்டைப் பிட்டு வாயில் போடும்போதும் மூடியிருக்கிறார். செல்போனில் பத்து எடுத்தால் பத்திலும் அதே கதை. தெரியாமல் எடுத்தாலும் எப்படியோ மோப்பம் பிடித்து மூடிக்கொள்வார். அண்ணாமலையார் கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர் அவர். வருகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பதே வேலை. அவருடைய அட்டையில் அவரே தூங்குகிறார்.

கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் போன வருஷம் என் அண்ணன் மகள் கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது, "நீங்க நில்லுங்க, நான் செருப்பப் பாத்துக்கறேன்"னு மண்டப வாசலுக்குப் போய்விட்டார். எப்படியாவது இவரைக் கண் திறந்தபடி ஒரு படத்தில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எனக்கு ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டியபோது கேட்டு வாங்கி வந்தது. கீபோர்டுதான் மொத்தக் கம்ப்யூட்டரும். டிவியில் சொருக வேண்டும், எழுதிய புரோகிராமை டேப் கேசட்டில் சேமிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரம்மா அதைப் பார்த்து, "இதுல பாட்டு வருமா?" என்று கேட்டார்கள். வராது. ஆனால் இதற்கு ஒரு கேமரா செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, உள்ளே கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டியது. முன்னால் பூதக்கண்ணாடி பொருத்திய பிளாஸ்டிக் பைப். பின்னால் வெளிச்சத்தை அளக்கும் மிளகு அளவு சில்லு ஒன்று. செத்துப்போன இரண்டு பிரிண்டர்களின் மோட்டார்கள் அதை வரி வரியாக நகர்த்தும். வரிக்கு அறுபத்து நாலு புள்ளி, மொத்தம் அறுபத்து நாலு வரி, கறுப்பிலிருந்து வெள்ளை வரை நாலே நாலு சாயல். ஒரு படம் முடிய ஏழு நிமிடம். முதலில் ஜன்னல் வழியாக மலையை எடுத்தேன்.

"மல ஆடாம நிக்கும். மனுஷன் நிப்பானா?" என்றார் அவர்.

"நீங்க நிக்கப்போறீங்க."

அவர் முகம் சுருங்கியது. "ஏழு நிமிஷம் கண்ண மூடிக்கினு ஒக்காரணுமா? அதுக்கு நான் தூங்கியே போவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஜன்னலில் விழும் நேரத்தில் வந்து உட்கார்ந்தார். குளித்து, நெற்றி நிறைய பட்டை பட்டையாக விபூதி பூசி, மாப்பிள்ளை மாதிரி. கண்ணை உருட்டி உருட்டி முழித்ததில் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. ஏழு நிமிடம் கழித்து டிவியைப் பார்த்தால் ஒரே இருட்டு. இருட்டுக்கு நடுவில் மூன்று வெள்ளைக் கோடு.

"இன்னா இது, நான் எங்க? அண்ணாமலையார் மட்டும் வந்துட்டாரு!"

தப்பு என்னுடையது. முகத்திலேயே வெளிச்சம் ஜாஸ்தியான இடத்தை வெள்ளையாக வைத்து, மற்றதையெல்லாம் அதற்குக் கீழே இறக்கும்படி புரோகிராம் எழுதியிருந்தேன். வெயிலில் விபூதி பளிச்சென்று அடித்ததில் பாவம் முகம் மொத்தமும் கரியாகிவிட்டது. மலையடியிலேயே இத்தனை வருஷம் இருந்துகொண்டு, விபூதியைக் கணக்கில் சேர்க்காத மடச்சி நான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டார். "அத மட்டும் அழிக்கச் சொல்லாத. போட்டோவே வாணாம்."

அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. போனால் இனி எந்தக் கேமரா முன்னாலும் உட்கார மாட்டார்.

"யாருங்க அழிக்கச் சொன்னா? ஒரு நிமிஷம் இருங்க." இரண்டு வரியை மாற்றினேன். இனி முதலில் கன்னத்தை அளந்து அதை வெளிர் சாயலாக வைக்கும். நெற்றி எவ்வளவு வெளுத்தாலும் வெளுக்கட்டும். "அப்புறம், தாராளமா சிமிட்டுங்க. இது ஒவ்வொரு புள்ளியாத்தான் பாக்கும். கண்ணுகிட்ட எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியாது. பைப்பப் பாத்துக்கினு சும்மா ஒக்காருங்க."

சும்மா உட்கார்ந்தார். டிவி என் பக்கம் திரும்பியிருந்தது. முடி வந்தது, விபூதி வந்தது, புருவம் வந்தது. அடுத்த வரிக்கு ஆறேழு வினாடி. அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மோட்டார் கரகரவென்று இழுத்துக்கொண்டே போனது. பிறகு வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே கறுப்புப் புள்ளி இரண்டு; அந்தப் பக்கமும் இரண்டு. திறந்திருக்கிறது! வாயைப் பொத்திக்கொண்டேன். கத்தியிருந்தால் அவர் ஆடிப்போய் மூக்கு கோணியிருக்கும்.

தாடை வரை முடிந்ததும் எழுந்து வந்து டிவி முன்னால் நின்றார்.

"முழிச்சிக்கினுதான் இருக்கேன், இல்ல?" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கண்ணிலும் கறுப்புப் புள்ளி நடுவில் இல்லை. ஓரத்தில், நான் உட்கார்ந்திருந்த பக்கம் ஒதுங்கியிருந்தது.

"பைப்பத்தான பாக்கச் சொன்னேன்?"

"பைப்புல இன்னா கீது பாக்க?" என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனார்.